முகவரி இல்லாத அம்மோனைட்

என் மேசையில் ஒரு கல் கிடக்கிறது. உள்ளங்கை அகலம், செம்பழுப்பு நிறம், ஓரத்தில் சின்ன உடைசல். கிடாக்கொம்பு போலச் சுருண்டிருக்கும். சுருளின் முதுகு நெடுக விரலுக்குத் தட்டுப்படும் வரிவரியான மேடுகள். 1991ல் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் காரையில் பொறுக்கினேன். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான ஒரு கடல் பிராணி அதன் கடைசி அறையில் வாழ்ந்திருந்தது. அதற்குப் பெயர் அம்மோனைட் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அழகாக இருந்தது, எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மூன்று ஊர் மாறியிருக்கிறோம். மூன்று ஊருக்கும் இந்தக் கல் கூடவே வந்தது.

காரை பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பார்க்காதவர்களுக்கு அந்த நிலத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நெல்லும் பருத்தியும் விளையும் சீமையில் திடீரென்று புல்லுக்கும் இடமில்லாமல் மழைநீர் கீறிக் கீறிப் போட்ட களிமண் மேடுகள் தொடங்கும். சாம்பல், மஞ்சள், காவி என்று பட்டை பட்டையாக நிறங்கள். இடையிடையே ஜிப்சம் தகடுகள் உடைந்த கண்ணாடிபோல வெயிலில் மின்னும். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில் பெலம்னைட்டுகள் (கணவாயின் பழைய உறவுகள்), சிப்பிகள், யோகம் இருந்தால் ஒரு சுறாப்பல். கடற்கரை அங்கிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

நான் அரியலூர்ப் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டினார். சிமெண்ட் ஆலைக்குப் போகும் லோடிலிருந்து எப்போதாவது ஒரு கல்லை எடுத்துவந்து திண்ணையில் வைப்பார். கொத்துக்கொத்தாகச் சிப்பி ஒட்டிய கல். அப்பாயி அதைத் தடவிப் பார்த்து, "கடல் இங்கிட்டு வந்து போயிருக்கு போல" என்பாள். நாங்கள் சிரிப்போம். பிற்பாடு படித்தபோதுதான் அவள் சொன்னது ஒரு எழுத்து பிசகாத உண்மை என்று தெரிந்தது. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்து, இந்தியா பிரிந்து நகரத் தொடங்கிய பின், கிழக்கிலிருந்து கடல் உள்ளே ஏறிவந்து பழைய கரும்பாறைகளின்மேல் வண்டலைப் படியவைத்தது. வந்தது, வற்றியது, மறுபடி வந்தது. அப்படிப் பல கோடி ஆண்டுகள். அப்பா சுமந்த கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலின் தரையில் சிப்பிகள் திட்டாக வளர்ந்து மடிந்த இடம். காரையின் களிமண் அதைவிடவும் பழையது, 9 கோடியிலிருந்து 11 கோடி ஆண்டு.

நாலைந்து வருடத்துக்கு முன், நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரோடு காரைக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. என் பொக்கிஷத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். கையில் வாங்கினார், திருப்பினார், சூரியனுக்கு எதிரே சாய்த்து வரிகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்:

"எங்கே எடுத்தீங்கம்மா?"

"இங்கேதான் சார், காரையில."

"காரையில எங்கே? கீழே அந்தச் சாம்பல் களிமண்ணா, மேலே மணல் கலந்த பகுதியா? சரிவுல உருண்டு கிடந்ததா, அடுக்குக்குள்ள பதிஞ்சிருந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் குனிந்தாள், எடுத்தாள், அவ்வளவுதான். அவர் கல்லைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கல்லு. ஆனா இது பேசாது. கீழுக்கும் மேலுக்கும் நடுவுல ஒரு கோடி ஆண்டுக்கு மேல இருக்கு. எந்தப் பக்கம்னு தெரியாம இதை வச்சு நான் எதையும் சொல்ல முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

புதைபடிவம் என்றால் கல்லாகிப்போன உயிர், அதைக் காட்டினாலே பரிணாமத்துக்குச் சாட்சி முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் படித்த பாடப்புத்தகமும் அப்படித்தான் சொன்னது: ஒரு படம், ஒரு பெயர், ஒரு வயது. ஆனால் ஒரு உயிர் இருந்தது என்பதற்குத்தான் தனிக்கல் சாட்சி. அது எதற்குப் பின் வந்தது, எதற்கு முன் மறைந்தது, அதன் காலத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் கல் கிடந்த அடுக்குதான் சொல்லவேண்டும். பரிணாமமும் அற்றுப்போதலும் வரிசையில் இருக்கின்றன. வரிசையிலிருந்து பிடுங்கிய கல்லில் அவை இல்லை.

இந்த வரிசையை முதலில் தேடியவர்கள் எங்கள் ஊர்களில்தான் நடந்திருக்கிறார்கள். 1840களில் மதராஸ் அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் பொறுக்கிய படிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846ல் எழுதினார். அடுத்து இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பிளான்ஃபோர்ட் வந்தார். ஓடை ஓடையாக நடந்து, எந்தப் பாறை எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்று வரைபடம் போட்டார். 1862ல் வெளியான அவருடைய அறிக்கையில் கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகள்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். இன்றும் உலகத்தின் எந்த மூலையிலும் டைனோசார் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தைப் படிக்கிறவர்கள் இந்தப் பெயர்களை உச்சரிக்கிறார்கள். ஊட்டத்தூர்க்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்தவர். 1862ல் இந்தியா வந்து, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து, தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக எழுதினார். 1874ல் மத்திய ஆசியாவின் யார்க்கந்துக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தபோது அவருக்கு 36 வயது. அங்குள்ள லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு தெருவுக்காவது அவர் பெயர் இருந்தால் நன்றாயிருக்கும்.

இவர்கள் கண்டுகொண்டது என்ன? ஐரோப்பாவின் சுண்ணப்பாறைகளில் கீழிருந்து மேலாக எந்த வரிசையில் அம்மோனைட் வகைகள் வருகின்றனவோ, அதே ஒழுங்கு இங்கும் வருகிறது. பாறை வேறு, நிறம் வேறு, உயிர்களின் வரிசை ஒன்று. டார்வின் 1859ல் வெளியிட்ட நூலில் உலகமெங்கும் உயிர் வடிவங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் மாறியதைப் பேசுகிற இடம் உண்டு. சுண்ணப்பாறைத் துண்டுகூட இல்லாத தொலைதூர நாடுகளிலும் அந்தக் காலத்து உயிர்களை அடையாளம் காண முடிகிறது என்று அடுக்கிக்கொண்டு போவார்: வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, நன்னம்பிக்கை முனை, கடைசியில் இந்தியத் தீபகற்பம். அந்த ஒரு சொல்லைப் படித்தபோது எங்கள் திண்ணைக் கல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அம்மோனைட்டில் மாற்றம் தெரிகிற இடத்தைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது. ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள். பிராணி வளர வளர முன்னே நகர்ந்து பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளும். பின்னறைகளில் வாயு நிரம்பி ஓடு மிதக்க உதவும். அந்தச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு, வெளித்தோல் உதிர்ந்த படிவத்தில் வரைந்த மாதிரி தெரியும். 40 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் அந்தக் கோடு சாதாரண அலை. டிரையாசிக் காலத்துக்கு வந்தால் அலையின் ஒரு பக்கம் ரம்பப்பல்லாகிவிடுகிறது. ஜுராசிக், கிரெட்டேசியஸ் அம்மோனைட்டுகளில் கொத்தமல்லி இலை விளிம்பு போல இழையிழையாகப் பிரிகிறது. சுருளுக்கும் இதேபோல ஒரு வரலாறு உண்டு. அந்த 40 கோடி ஆண்டுப் பழமையான, டெவோனியன் எனப்படும் காலத்துப் பாறைகளில் நேரான ஓடு, லேசாக வளைந்தது, தளர்வாகச் சுற்றியது, இறுகச் சுருண்டது என்று படிப்படியாகக் கிடைக்கின்றன. இடைப்பட்ட வடிவங்களைக் காட்டு என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஓடுகளைத்தான்.

அந்தச் சுருள் ஒரு கட்டத்தில் சில கிளைகளில் மறுபடி அவிழ்ந்தும் போகிறது. ஊட்டத்தூர்ப் பாறைகளில் கோபுரம் மாதிரி ஏறும் டர்ரிலைட்டிஸ் கிடைக்கிறது. புதுச்சேரி அருகே வழுதாவூர்ப் பாறைகளில் குச்சிபோல நேராக நிமிர்ந்த பேக்குலைட்டிஸ். பரிணாமத்தை ஏணி என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்ததை நான் மறந்தது இந்தக் குச்சியைப் பார்த்த பிறகு.

கல்லுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாமலே பல ஆண்டு கிடக்கும் என்பதற்கு ஒரு காஷ்மீர்க் கதை உண்டு. ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் கலாகோட் பகுதியில் பாறைத் துண்டுகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவர் காலமானபின் அவருடைய மனைவி அவற்றைத் திமிங்கில ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காது எலும்பு தவறி உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், காதெலும்புக் கிண்ணத்தின் உள்சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கில வகைகளுக்கே உரிய அடையாளம். ஆனால் இதுவோ சிறு மான்போல நான்கு கால், குளம்பு, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தண்ணீருக்குள் நடந்து திரிந்திருக்கிறது. இந்தோஹையஸ் என்ற அந்தப் பிராணி திமிங்கிலத்தின் மிக நெருங்கிய நிலவாழ் உறவு என்று 2007ல் அறிவித்தார்கள். அந்த அம்மாள் அந்தக் கற்களைப் பத்திரமாக வைத்திருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும். ரங்கா ராவ் எந்த இடத்தில் எடுத்தேன் என்று பதிந்து வைத்திருந்ததால்தான் அந்தக் காதெலும்புக்கு ஒரு காலம் கிடைத்தது.

இனி அற்றுப்போதல்.

ஒரு இனம் அடியோடு இல்லாமல் போகும் என்பதையே 18ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலோர் ஏற்கவில்லை. எங்கேயாவது தொலைதூரக் காட்டில் இருக்கும் என்றார்கள். 1796ல் பாரிசில் ஜார்ஜ் குவியே என்ற விலங்கியலாளர் அதை உடைத்தார். அவர் கையில் இருந்தவற்றில் ஒன்று இலங்கையிலிருந்து போன யானையின் மண்டையோடு. அதையும் ஆப்பிரிக்க யானையையும் ஒப்பிட்டு இரண்டும் வேறுவேறு இனம் என்றார். சைபீரியாவில் கிடைத்த மம்மூத் எலும்புகள் இரண்டோடும் பொருந்தவில்லை. அவ்வளவு பெரிய யானை எங்கும் ஒளிந்திருக்க முடியாது. ஆகவே அது போய்விட்டது. நம் பக்கத்து யானை ஒன்று அந்த வாதத்துக்குத் தலை கொடுத்திருக்கிறது.

காரைக்குத் திரும்புவோம். அங்கே இக்தியோசார்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. மீன் உருவில் நீந்திய கடல் ஊர்வன. உலகெங்கும் அவை 9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே முடிந்துபோயின. டைனோசார்களின் காலத்தை முடித்த விண்கல் விழுந்தபோது அவை இல்லவே இல்லை. கண்காட்சிப் படங்களில் டைனோசாரும் இக்தியோசாரும் ஒன்றாக எரிவதுபோல வரைகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒவ்வொரு இனத்துக்கும் தனி இறப்பு நாள் இருக்கிறது, அதை அடுக்கில்தான் தேடவேண்டும்.

அம்மோனைட்டுகள் தாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் முடிவில் கடல் இனங்களில் பெரும்பகுதி துடைத்தெறியப்பட்டபோது சில வகைகள் தப்பின, மறுபடி பெருகின. 20 கோடி ஆண்டுகளுக்கு முன் டிரையாசிக் முடிவிலும் அப்படியே. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மட்டும் முடியவில்லை. இத்தாலியின் குப்பியோவில் மெல்லிய களிமண் பட்டையில், பூமியின் மேலோட்டில் அரிதும் விண்கற்களில் அதிகமுமான இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதை வைத்து, ஒரு விண்கல் மோதியது என்று ஆல்வரஸ் தந்தையும் மகனும் சகாக்களும் 1980ல் சொன்னார்கள். மெக்சிகோவின் சிக்சுலூப் பள்ளத்தை அந்த மோதலின் வடு என்று 1991ல் அடையாளம் கண்டார்கள். அதே காலகட்டத்தில் தக்காணத்தில் எரிமலைக் குழம்பும் பொங்கிக்கொண்டிருந்தது.

செந்துறைப் பக்கம் நின்னியூர் இருக்கிறது. அங்கே வெளித்தெரியும் பாறை அந்த அழிவுக்குப் பிறகு கடல் திரும்பி வந்து படியவைத்தது. அதில் ஓடுகள் இருக்கின்றன, சுருண்ட ஓடுகளும் இருக்கின்றன. ஆனால் அவை நாட்டிலஸ் வகை, இன்றும் கடலில் வாழும் அம்மோனைட்டின் தூரத்து உறவு. அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. அரியலூர்ப் பாறையில் இரண்டும் உண்டு, நின்னியூரில் ஒன்றுதான். முதல்முறை அங்கே நின்றபோது எனக்கு எழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது.

ஏன் நாட்டிலஸ் பிழைத்தது? இன்றைக்கு வலுவாக இருக்கும் விளக்கம் குஞ்சுகளைப் பற்றியது. அம்மோனைட் குஞ்சு மில்லிமீட்டர் அளவு. கடலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்களோடு மிதந்து, அவற்றைத் தின்று வளரவேண்டியது. மேல்பரப்பு இருண்டு, அமிலமேறி, நுண்ணுயிர்கள் செத்ததும் அதற்குப் போக்கிடம் இல்லை. நாட்டிலஸ் பெரிய முட்டையிடும். குஞ்சு வெளிவரும்போதே ஓடு ஓர் அங்குலம் இருக்கும், கொஞ்ச நாளைக்கு வேண்டிய கரு உணவோடு வரும். 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் வெற்றியாக இருந்த அதே வழி, ஆயிரக்கணக்கில் சின்னக் குஞ்சு விடும் வழி, ஒரு கெட்ட காலத்தில் குடியைக் கெடுத்தது.

அந்த முடிவு நேர்ந்த அடுக்கை இங்கே விரல் வைத்துக் காட்டமுடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயம் கடல் பின்வாங்கி, இங்கே ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆற்று மணல்தான் கல்லமேடு என்ற ஊரின் பாறை. அங்கே டைனோசார் எலும்புகள் இருக்கின்றன. 1980களில் விவரிக்கப்பட்ட பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசாரின் முழங்காலுக்குக் கீழுள்ள நீள எலும்பு 2 மீட்டர். உலகின் மிகப்பெரிய டைனோசார்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்புகள் நொறுங்கிப்போயின. ஓவியங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அது எலும்பே அல்ல, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துக் காட்டப் பொருள் இல்லாததால் வழக்கு நீண்டுகொண்டே போகிறது. ஒரு எலும்பு இற்றுப்போனால் ஒரு பிராணி இரண்டாம் முறை அற்றுப்போகிறது.

2020ல் குன்னம் பக்கத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசார் முட்டை என்று வாட்ஸப்பில் படம் பறந்தது, ஜனம் திரண்டது. கடல் வண்டல் உருண்டு திரண்டு இறுகிய கற்கள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். அம்மோனைட் போன்ற ஒரு கடலுயிர் நடுவில் இருந்தாலே அதைச் சுற்றி இப்படித் திரளும். பலருக்கு ஏமாற்றம். எனக்கோ அந்தச் செய்தியில் ஆசையைத் தூண்டியது மற்றொன்று: அந்த ஏரிக்கரையில் அத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள். பார்க்கும் ஆர்வம் ஊருக்குள் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பற்றி என்னால் ஒரேயடியாகத் திட்டவும் முடியாது, வாழ்த்தவும் முடியாது. வெட்டாமல் அந்தச் சிப்பித்திட்டுகளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெட்டியதால் அவை சிமெண்டாகிப் போயின. எங்கள் சாப்பாடு அதில்தான் வந்தது. நான் கேட்பது சிறிய காரியம். புதிதாக ஒரு முகப்பு வெட்டும்போது, பொடியாக்கும் முன், பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்து அடுக்கை எழுதிக்கொண்டு போகட்டும். வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தையும் காட்டுங்கள். காரைக்குப் போனால் என்னைப்போல முடிந்துகொண்டு வராதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது திண்ணையில் அந்தப் பழைய சிப்பிக்கல் இன்னும் இருந்தது. அப்பாவுக்கு 78 வயது, நேற்று நடந்தது மறந்துபோகிறது. சும்மாதான் கேட்டேன்.

"அப்பா, இந்தக் கல்லு எங்க எடுத்தது, ஞாபகம் இருக்கா?"

"இதா? கள்ளங்குறிச்சி மைன்ஸ்ல, ரெண்டாவது பெஞ்சு, மேக்கால மூலை. மேல இருந்து ஒரு ஆள் ஒசரம் கீழ மஞ்சக் கோடு ஓடும் பாரு, அதுக்கு நேர் அடியில. அன்னைக்கு அங்கதான் பின்டயர் வெடிச்சிச்சு. ஜாக்கிக்கு அண்டக்கொடுக்கக் கல்லு தேடப் போயி இதைப் பேத்தேன். நீ பொறந்த அடுத்த வருஷம், கார்த்திகை மாசம்."

"நல்லா ஞாபகம் இருக்காப்பா?"

"மஞ்சக் கோட்டுக்கு மேல இந்தச் சிப்பி கிடையாது பாப்பா. தினமும் பாத்தவன் நான்."

அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். கல்லோடு அந்தத் தாளையும் சேர்த்துப் பேராசிரியருக்கு அனுப்பி வைத்தேன்.